தோலின் கொழுப்புத் தடையும் ஊடுருவல் ஊக்கிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடுருவல் ஊக்கி என்பது மருந்தா?

இல்லை. மருந்து தோலைத் தாண்டி உள்ளே போக உதவும் துணைப்பொருள். வலிக்குப் பூசும் ஜெல், ஹார்மோன் பேட்ச், மரப்புக் க்ரீம் என்று எதை எடுத்து அட்டையைப் படித்தாலும் எத்தனால், புரொப்பிலீன் கிளைக்கால், ஓலியிக் அமிலம், மென்தால், ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் ஆகியவற்றில் ஒன்றிரண்டு கண்ணில் படும். அட்டையில் ஒன்றைக் கரைப்பான் என்பார்கள், இன்னொன்றை மணப்பொருள் என்பார்கள். எந்தப் பெயரில் சேர்த்தாலும் அது தோலில் செய்வதைச் செய்துவிட்டுத்தான் போகும்.

மருந்தைப் பூசினால் தானாக உள்ளே போகாதா?

பெரும்பாலும் போகாது. எதுவும் உள்ளே வராமலும், தண்ணீர் வெளியே போகாமலும் காப்பதுதான் தோலின் வேலை. மூலக்கூறு எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குக் கீழே இருக்க வேண்டும், எண்ணெயிலும் ஓரளவு கரைய வேண்டும், தண்ணீரிலும் ஓரளவு கரைய வேண்டும், நாளொன்றுக்குச் சில மில்லிகிராமே போதுமானதாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தி வரும் மருந்துகள் குறைவு. நிகோட்டின் 162 டால்டன், எஸ்ட்ரடையால் 272, ஃபென்டனில் 336. இவையெல்லாம் பேட்ச்சாக வந்துவிட்டன. 5,800 டால்டன் எடையுள்ள இன்சுலின் வரவில்லை. பயணத்தில் வரும் வாந்திக்கான ஸ்கோபாலமின் பேட்ச்தான் அமெரிக்காவில் 1979-இல் முதலில் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழித்தும் பேட்ச்சாக வந்த மருந்துகளின் பட்டியல் நீளமானது அல்ல. ஊக்கிகளைத் தேடி இவ்வளவு பேர் மெனக்கெடுவது இதனால்தான்.

தடை தோலில் சரியாக எங்கே இருக்கிறது?

வெளியடுக்கில். பாடப்புத்தகங்கள் அதை ஸ்ட்ராட்டம் கார்னியம் என்கின்றன. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் குறுக்களவைவிடக் குறைவு. அதற்குள்ளே பதினைந்து இருபது அடுக்காகத் தட்டையான, உயிரற்ற செல்கள் கிடக்கின்றன. செல்களுக்குள் கெரட்டின் புரதம். செல்களுக்கு இடையே கொழுப்பு. செங்கல்லும் சாந்தும் என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உவமை இதற்கு நன்றாகவே பொருந்துகிறது: செல்கள் செங்கல், கொழுப்பு சாந்து.

முக்கியமான விஷயம், இந்தச் சாந்துதான் தொடர்ச்சியாக ஓடுகிறது. மருந்து மூலக்கூறு செங்கற்களைத் துளைத்துக்கொண்டு நேராகப் போவதைவிட, சாந்துக்குள்ளேயே வளைந்து வளைந்து போவதுதான் வழக்கம். அதனால் அது கடக்கும் தூரம் அடுக்கின் தடிமனைப்போல் பல மடங்கு. முடிக்கால்கள், வியர்வைச் சுரப்பிகள் வழியாகவும் போகலாம். ஆனால் அந்தத் துளைகள் எல்லாம் சேர்ந்தாலும் தோலின் பரப்பில் சுமார் 0.1 சதவீதம்தான் வரும்.

அந்தக் கொழுப்பில் அப்படி என்ன விசேஷம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உடலில் மற்ற செல் சவ்வுகள் பெரும்பாலும் பாஸ்போலிப்பிடால், அதாவது பாஸ்பேட் தலையும் நீண்ட கார்பன் வால்களும் கொண்ட கொழுப்பால், ஆனவை. அவற்றின் வால்கள் 16, 18 கார்பன் நீளம், அதிலும் பல வளைந்தவை. ஆகவே அந்தச் சவ்வுகள் உடல் வெப்பத்தில் நெகிழ்ந்து, ஓடும் நிலையில் இருக்கும். தோலின் வெளியடுக்கில் பாஸ்போலிப்பிடு ஏறக்குறைய கிடையாது. செரமைடு, கொலஸ்ட்ரால், தனிக் கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் மூலக்கூறு எண்ணிக்கையில் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கின்றன. எடைக்கணக்கில் செரமைடுதான் அதிகம், சுமார் பாதி. கொழுப்பு அமிலங்களின் வால்கள் பெரும்பாலும் 22, 24 கார்பன் நீளமுள்ள நேர்க்கோடுகள், வளைவே இல்லாதவை. சில செரமைடுகளின் சங்கிலி 30 கார்பனையும் தாண்டும். அவற்றின் நுனியில் லினோலியிக் அமிலமும் சேர்ந்திருக்கும்.

நீளமான நேர்வால்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி அடுக்கப்பட்டால் என்ன ஆகும்? உறைந்துவிடும். தோலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 32 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் இந்தக் கொழுப்பின் பெரும்பகுதி கிட்டத்தட்டப் படிகம்போல இறுகி நிற்கிறது. இதை நேர்சாய்சதுர அடுக்கு என்பார்கள். இதைவிடக் கொஞ்சம் தளர்ந்தது அறுகோண அடுக்கு, அதற்கும் அடுத்தது திரவ நிலை. வெளியடுக்கைச் சூடாக்கிக்கொண்டே போனால் 35 முதல் 40 டிகிரிக்குள் நேர்சாய்சதுரம் அறுகோணமாக மாறத் தொடங்கும். உண்மையில் உருகுவதற்கு 60, 70 டிகிரியாவது வேண்டும்.

பக்கவாட்டு அடுக்கு இப்படி என்றால், மேலும் கீழுமாகவும் இந்தக் கொழுப்பு தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ரே சிதறலில் பார்த்தால் இரண்டு வகை அடுக்குகள் தெரிகின்றன: சுமார் 13 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் நீள் அடுக்கு ஒன்று, சுமார் 6 நானோமீட்டர் குறு அடுக்கு இன்னொன்று. லினோலியிக் அமிலம் சேர்ந்த அந்த நீளமான செரமைடு இல்லாவிட்டால் 13 நானோமீட்டர் அடுக்கு சரியாக உருவாவதே இல்லை.

ஊக்கி என்ன செய்தாலும், இந்த ஒழுங்கில் எங்கேயாவது கை வைத்துத்தான் செய்கிறது.

அப்படியானால் ஊக்கி தோலில் ஓட்டை போடுகிறதா?

இல்லை. இந்த “ஓட்டை” என்ற சொல் எனக்குப் பிடிக்காததே அதனால்தான். பூசிய ஊக்கி கொழுப்புக்குள் போய் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். வால்களுக்கு நடுவே நுழைந்து அவற்றைத் தளர்த்தலாம். கொழுப்பையே கரைத்து வெளியே எடுத்துவிடலாம். இல்லையென்றால் கொழுப்போடு கலக்காமல் தனியாகத் திரண்டு, உறைந்த பகுதிகளுக்கு நடுவே சிறு சிறு திரவத் திட்டுகளாக நிற்கலாம். மூன்றிலும் மருந்துக்குக் கிடைப்பது ஒன்றுதான்: நகர்வதற்குக் கொஞ்சம் இடம்.

கணக்காகச் சொன்னால், மருந்து கடக்கும் வேகம் நான்கு விஷயங்களைப் பொறுத்தது: அது தோலுக்குள் எவ்வளவு எளிதாக நகர்கிறது, பூசிய மருந்திலிருந்து தோலுக்குள் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு செறிவாக இருக்கிறது, போக வேண்டிய தூரம் எவ்வளவு. கொழுப்பைத் தளர்த்தும் ஊக்கிகள் முதலாவதைக் கூட்டுகின்றன. கரைப்பான்கள் இரண்டாவதைக் கூட்டுகின்றன. பேரி என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் இதைக் கொழுப்பு, புரதம், பங்கீடு என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார். இன்றும் பாடங்களில் அந்தப் பிரிவுதான் ஓடுகிறது.

ஓலியிக் அமிலத்தை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

அதில் காரணம் பளிச்சென்று தெரிவதால். ஸ்டியரிக் அமிலமும் 18 கார்பன், ஓலியிக் அமிலமும் 18 கார்பன். முன்னது நேராக இருக்கும், சுமார் 69 டிகிரியில்தான் உருகும். பின்னதில் சரியாக நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு, அதுவும் சிஸ் வகை. அந்த இடத்தில் சங்கிலி வளைகிறது, உருகுநிலை 13, 14 டிகிரிக்கு விழுந்துவிடுகிறது. அதே இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ் வகையாக இருந்தால் அது எலைடிக் அமிலம். சங்கிலி ஏறக்குறைய நேராகவே இருக்கும், 44 டிகிரிக்கு மேல்தான் உருகும். தோலில் ஊக்கியாக ஓலியிக் அமிலத்துக்கு இருக்கும் வலு மற்ற இரண்டுக்கும் இல்லை. வளைந்த வால் நேர் வால்களின் வரிசையில் பொருந்தாது, விஷயம் அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சுவையான கண்டுபிடிப்பு. ஓலியிக் அமிலம் தோல் கொழுப்போடு ஒரே சீராகக் கலந்து எல்லாவற்றையும் இளக்கிவிடுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதன் ஹைட்ரஜனை எல்லாம் டியூட்டீரியமாக, அதாவது கனமான ஹைட்ரஜனாக, மாற்றி, பன்றித் தோலில் சேர்த்து அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. டியூட்டீரியம் சேர்ந்த சங்கிலி வேறு இடத்தில் அதிர்வதால் ஓலியிக் அமிலத்தையும் தோலின் சொந்தக் கொழுப்பையும் தனித்தனியே பார்க்கலாம். ஓலியிக் அமிலம் திரவமாக இருந்தது, பக்கத்திலிருந்த சொந்தக் கொழுப்பு பெரும்பாலும் பழையபடி இறுகியே இருந்தது. இரண்டும் கலக்காமல் தனித்தனித் திட்டுகளாக நின்றன. மருந்து அந்தத் திரவத் திட்டுகள் வழியாகவும், திட்டும் உறைந்த பகுதியும் சந்திக்கும் ஓரங்கள் வழியாகவும் போகிறது.

இதோடு புரொப்பிலீன் கிளைக்காலைச் சேர்த்தால் விளைவு இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாக வரும். கிளைக்கால் ஓலியிக் அமிலத்தை உள்ளே இறக்குகிறது, ஓலியிக் அமிலம் கிளைக்காலுக்கு வழி விடுகிறது.

ஏசோன் என்கிறார்களே, அது?

தோல் ஊடுருவலுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய முதல் மூலக்கூறு. நைட்ரஜன் உள்ள ஏழு அணு வளையம் ஒரு தலை, 12 கார்பன் நீளத்தில் ஒரு வால். 1 முதல் 3 சதவீதம் சேர்த்தாலே வேலை செய்யும். தலை பெரியது, வால் மெலிந்தது. செரமைடுகளின் தலைகளுக்கு இடையே அது உட்காரும்போது அவற்றுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விலகி, கீழே வால்களும் நெகிழ்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கிடைத்த புகழ் மருந்துக்கடையில் கிடைக்கவில்லை.

டி.எம்.எஸ்.ஓ. பற்றி இணையத்தில் அற்புதம் என்கிறார்களே?

டைமெத்தில் சல்பாக்சைடு சக்திவாய்ந்த கரைப்பான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊக்கியாக நன்றாக வேலை செய்ய 60 சதவீதத்துக்கு மேல் வேண்டியிருக்கும். அந்தச் செறிவில் அது ஒன்றோடு நிற்பதில்லை: கொழுப்பைக் கரைத்து எடுக்கிறது, கொழுப்புத் தலைகளைச் சுற்றியுள்ள தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிறது, கெரட்டின் புரதத்தின் சுருள் வடிவத்தையும் மாற்றுகிறது. தோல் சிவக்கும், தடிக்கும், எரியும். பூசிய சற்று நேரத்தில் மூச்சில் பூண்டு வாடை வரும். உடல் அதை டைமெத்தில் சல்பைடாக மாற்றி நுரையீரல் வழியே விடுகிறது.

விலங்குகளின் கண் வில்லையில் மாற்றம் தெரிந்ததால் 1965-இல் அமெரிக்காவில் மனித ஆய்வுகளை நிறுத்தினார்கள். பின்னாளில் ஒரு சிறுநீர்ப்பை நோய்க்கு 1978-இல் அனுமதி கிடைத்தது. மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக் கரைசல் ஒன்றில் இன்றும் 45.5 சதவீதம் இருக்கிறது. ஆகவே அது மூடநம்பிக்கையும் அல்ல, சஞ்சீவியும் அல்ல.

எனக்குக் கவலை தருவது வேறு. அதை வாங்கி வீட்டில் எதையாவது கலந்து பூசுகிறவர்கள், மருந்தை மட்டும் உள்ளே அனுப்புவதில்லை. தோலின் மேல் ஏற்கெனவே இருந்த பூச்சிமருந்து, சாயம், கலப்படம் எல்லாமும் கூடவே போகும். தொழிற்சாலைத் தரத்தில் விற்கும் டி.எம்.எஸ்.ஓ.வில் உள்ள அழுக்கும் சேர்ந்துதான். செய்யாதீர்கள்.

எத்தனால்?

அளவாக இருந்தால் கொழுப்பைத் தளர்த்தும், அதிகமானால் கரைத்து எடுத்துவிடும். தோல் வறண்டும் போகும். சில மருந்துகளுக்கு எத்தனாலைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை ஊடுருவல் ஏறி, பிறகு இறங்கிவிடும். இன்னொரு வேலையும் உண்டு: பூசியதும் ஆவியாகிவிடுவதால் மிச்சமிருக்கும் மருந்தின் செறிவு கூடி, அது உள்ளே போகத் துடிக்கும். 1990-இல் வந்த முதல் ஃபென்டனில் பேட்ச்சின் உள்ளறையில் எத்தனால் இருந்தது.

மென்தால், யூகலிப்டஸ் மாதிரி இயற்கைப் பொருட்கள் பாதுகாப்பானவைதானே?

தோல் இயற்கையா செயற்கையா என்று பார்ப்பதில்லை. டெர்ப்பீன்கள் என்ற இந்தத் தாவர மணப்பொருட்களும் அதே கொழுப்புக்குள்தான் நுழைந்து அதே ஒழுங்கைக் குலைக்கின்றன. லிமோனீன் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை வரவழைக்கும் பொருளாகிவிடும். பொதுவாக, லிமோனீன் மாதிரி வெறும் ஹைட்ரோகார்பன் டெர்ப்பீன்கள் கொழுப்பில் கரையும் மருந்துகளுக்கும், மென்தால், சினியோல் மாதிரி ஆக்சிஜன் உள்ளவை தண்ணீரில் கரையும் மருந்துகளுக்கும் கூடுதலாக உதவுகின்றன. விதிவிலக்குகளும் உண்டு.

மென்தாலுக்கு இன்னொரு திறமை இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோன் போன்ற திட மருந்தோடு கலந்து உருகுநிலையை இறக்கிவிடும். இதே உத்திதான் லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த மரப்புக் க்ரீமில். தனித்தனியே இரண்டும் திடப்பொருட்கள். சம அளவில் கலந்தால் அறை வெப்பத்திலேயே எண்ணெயாகிவிடும், தோலுக்குள் இறங்குவதும் சுலபமாகும். அப்படியும் ஊசி குத்துவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பு பூசி, மேலே மூடி வைக்க வேண்டியிருக்கிறது. தோலின் தடை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

மூடி வைப்பதால் என்ன பயன்?

தண்ணீரும் ஓர் ஊக்கிதான், மிகப் பழைய ஊக்கி. தோலிலிருந்து சதா கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் உறை போட்டால் அது வெளியேற முடியாமல் வெளியடுக்கிலேயே தங்கி, செல்கள் ஊறி உப்பிவிடும். ஒரு விசித்திரம் என்னவென்றால், கொழுப்புத் தாள்களின் இடைவெளி இதனால் பெரிதாக மாறுவதில்லை. தண்ணீர் தாள்களுக்கு நடுவே சீராகப் பரவாமல் அங்கங்கே குட்டையாகத் தேங்குகிறது. ஆனாலும் ஊறிய தோல் வழியாக மருந்து கூடுதலாக உள்ளே போகும். ஸ்டீராய்டு பூசிய இடத்தை டாக்டர் சொல்லாமல் மூடக்கூடாது என்பது இதனால்தான்.

சோப்பும் இதையே செய்கிறதா?

ஏறக்குறைய. சோப்பு வகைப் பொருளான சோடியம் லாரில் சல்பேட் கெரட்டினோடு ஒட்டிக்கொண்டு அதை வீங்க வைக்கும், கொழுப்பின் ஒழுங்கையும் கெடுக்கும். எரிச்சலை அளக்கும் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க அதைத்தான் பூசுகிறார்கள். சோப்பு வகைப் பொருட்களிலேயே (சர்ஃபாக்டன்ட்கள்) மின்னேற்றம் இல்லாதவை சாதுவானவை. அதனால் ஊக்கியாகவும் அவை பலவீனம்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

பெரும்பாலும் ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கருவியில். மேலே ஒரு சிறு கிண்ணம், கீழே உப்புக்கரைசல் நிரம்பிய அறை. நடுவில் வட்டமாக வெட்டிய தோலை வைத்து இறுக்கிவிடுவார்கள். அறுவைச் சிகிச்சையில் மிச்சமான மனிதத் தோல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பன்றியின் காதுத்தோல். கீழறையில் காந்தத்துண்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் நிற்கும்படி சுற்றிலும் வெந்நீர் ஓடும். கீழறையிலிருந்து பக்கவாட்டுக் குழாய் வழியாக அவ்வப்போது கொஞ்சம் உறிஞ்சி, எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எலித்தோலில் செய்தால் எல்லா ஊக்கியும் பிரமாதமாகத் தெரியும். எலித்தோல் அவ்வளவு மெல்லியது. ஒரு ஊக்கி “பத்து மடங்கு கூட்டியது” என்று படித்தால் முதலில் எந்தத் தோலில் என்று பாருங்கள்.

கொழுப்பின் நிலையைப் பார்க்க அகச்சிவப்பு நிறமாலை. இறுகிய கொழுப்பில் வால்களின் நீட்சி அதிர்வு 2850 என்ற அலை எண்ணை ஒட்டி விழும். அது 2852, 2853 என்று நகர்ந்தால் வால்கள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். இரண்டு மூன்று அலகு நகர்வதில் ஓர் ஆய்வுக்கட்டுரையே அடங்கிவிடும்.

எல்லா மருந்துக்கும் பொருந்தும் ஒரே ஊக்கி உண்டா?

கிடையாது. தேடிப் பார்த்துவிட்டார்கள். எஸ்ட்ரடையாலுக்கு உதவுவது தண்ணீரில் கரையும் மருந்துக்கு ஒன்றுமே செய்யாமல் போகலாம். ஊக்கியின் வால் நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு: நேர் வாலாக இருந்தால் 10 முதல் 12 கார்பன் வரை வலு ஏறும், அதற்கு மேல் இறங்கும். வளைந்த வாலுக்கு 18 கார்பன்தான் தோது.

வலுவான ஊக்கி என்றால் எரிச்சலும் அதிகமா?

பெரும்பாலும் ஆமாம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, இரண்டும் ஒரே காரியத்தின் இரு விளைவுகள். தடை தளர்ந்தால் மருந்தும் போகும், ஊக்கியும் போகும். ஊக்கி அடியிலுள்ள உயிருள்ள செல்களை எட்டியதும் அழற்சி தொடங்கும். சில கலவைகள் மட்டும் குறிப்பிட்ட விகிதத்தில் தடையைத் தளர்த்தியும் எரிச்சல் குறைவாக இருக்கின்றன. ஏராளமான கலவைகளை ஒரே நேரத்தில் சோதித்துச் சலித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. நல்லவை அரிதாகத்தான் தேறின. எந்த நிறுவனமாவது “எரிச்சலே இல்லாத, எல்லா மருந்தையும் ஏற்றும்” ஊக்கி என்று விளம்பரம் செய்தால் நான் நம்பமாட்டேன்.

கெட்டுப்போன தடை திரும்ப வருமா?

வரும். கொழுப்பு குறைந்ததைத் தோல் உணர்ந்ததும், கீழடுக்குச் செல்கள் முன்கூட்டியே சேர்த்துவைத்திருந்த கொழுப்புப் பொதிகளைச் சில நிமிடங்களிலேயே வெளியே தள்ளுகின்றன. பிறகு புதிதாகக் கொலஸ்ட்ரால், செரமைடு, கொழுப்பு அமிலம் தயாரிக்கும் வேலை தொடங்குகிறது. கரைப்பானால் கொழுப்பை எடுத்த ஆரோக்கியமான இளந்தோலில் முதல் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி மீளும். முழுதாக மீள மூன்று நாளோ கூடுதலோ ஆகும். முதுமையில் இன்னும் தாமதம். தோலின் அமிலத்தன்மை குலைந்தால் செரமைடு தயாரிக்கும் நொதிகள் மந்தமாகிவிடும். தண்ணீரே வெளியேறாதபடி இறுக மூடி வைத்தால் பழுதுபார்க்கச் சொல்லும் சமிக்ஞையே போகாது.

மேலே பூசி உதவ நினைத்தால் மூன்று கொழுப்பும் சேர்ந்த கலவைதான் சரி. விலங்கு ஆய்வுகளில் ஒன்றை மட்டும் அல்லது இரண்டை மட்டும் பூசியபோது மீட்சி தாமதமானது. மூன்றும் சமமாக இருந்தபோது இயல்பாக நடந்தது. ஒன்றின் பங்கு மற்றவற்றைப்போல் மூன்று மடங்காக இருந்தபோது வேகம் கூடியது. “செரமைடு உள்ளது” என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் பட்டியலில் இருக்கின்றனவா என்று சின்ன எழுத்தையும் படியுங்கள்.

எக்ஸிமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது?

அவர்களுடைய தோலில் செரமைடு ஏற்கெனவே குறைவு, சங்கிலிகளும் குட்டை. அதனால் அடுக்கு தளர்வாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஊக்கி சேர்ந்தால் மருந்து கணக்குக்கு மேல் உள்ளே போகலாம், எரிச்சலும் அதிகமாகும். எக்ஸிமா இருப்பதாக மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இது இன்னும் பல மடங்கு பொருந்தும். அவர்களுக்கு வெளியடுக்கே முழுதாக உருவாகியிருக்காது.

உடலில் எங்கே பூசினாலும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. 1967-இல் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தார்கள். முன்கையில் போவதை 1 என்று வைத்தால் உள்ளங்காலில் 0.14, தலைத்தோலில் 3.5, நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42. ஒரே க்ரீம், ஒரே அளவு. “முழங்காலில் பூசுங்கள்” என்று அட்டையில் இருந்தால் முழங்காலில்தான் பூச வேண்டும்.